மலைக்குளிர் மயக்கம்

ஜொகூரில் இன்னொரு தரவு மையம் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர் ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "கொதிக்கிற ஊரில் கட்டிவிட்டு, ஏசிக்குக் கோடிக்கணக்கில் கரண்ட் பில் கட்டுவானேன்? கேமரன் மலையில் வைத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டாலே போதுமே!" தேநீர்க் கடையில் மட்டும் எழுகிற கேள்வி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பொறியாளர்களும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஒரு தம்பிக் கருத்தும் உண்டு. சர்வர் அறை சூடாகிறதா? ஏசியை இன்னும் இரண்டு டிகிரி குறை. போதவில்லையா, இன்னொரு ஏசி வாங்கு.

அண்ணன் கருத்தும் தம்பிக் கருத்தும் ஒரே வயிற்றில் பிறந்தவை. குளிர் என்பது தண்ணீர் மாதிரி ஒரு பொருள், நிறைய ஊற்றினால் நிறைய ஆறும் என்ற நம்பிக்கைதான் அந்த வயிறு. அது தப்பு என்பது என் வாதம். தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல, கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடி.

அப்பா அங்கே கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் தேயிலைக்கு இருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: ஈரம். பறித்து வரும் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை உருட்டுவதற்கு முன்னால் துவள வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம்கூட ஆகும். நீளமான தொட்டி, நடுவில் கம்பி வலை, வலையின்மேல் ஒரு சாணுக்குக் கொழுந்துப் படுகை, கீழே வெற்றிடம், ஒரு முனையில் ஆளுயர விசிறி. விசிறி தள்ளும் காற்று வெற்றிடத்தில் நிறைந்து, அழுத்தம் பெற்று, படுகையின் ஊடாக மேலே ஏற வேண்டும். இவ்வளவுதான் கருவி.

சர்வர் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ பொறி தட்டியிருக்கும். உயர்த்திய தரை, தரைக்கடியில் குளிர்ந்த காற்று, துளையிட்ட ஓடுகள், ஓடுகள் வழியே மேலேறும் காற்று. நான் முதன்முதலில் சைபர்ஜெயாவில் ஒரு கூடத்துக்குள் நுழைந்தபோது "அட, நம்ம வாட்டுத் தொட்டி!" என்றுதான் நினைத்தேன்.

புதிதாக வந்த பையன்களை அப்பா திட்டியதெல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான். கொழுந்தை ஒரே சீராகப் பரப்பமாட்டார்கள். ஓரிடத்தில் மெலிதாக விழுந்துவிட்டால் காற்று முழுவதும் அந்த ஓட்டை வழியே ஓடிவிடும். பக்கத்தில் தடித்துக் கிடக்கும் கொழுந்து காலையில் பார்த்தால் பச்சையாகவே இருக்கும், அடியில் சூடேறிச் சிவக்கவும் ஆரம்பித்திருக்கும். அப்போது விசிறியைக் கூட்டினால்? ஓட்டை வழியே இன்னும் அதிகக் காற்று போகும், அவ்வளவே. மெலிந்த இடம் காய்ந்து சருகாகும், தடித்த இடம் அப்படியே கிடக்கும். "காத்துக்கு மூளை கிடையாதுடா, லேசான வழி எதுவோ அதில்தான் போகும்" என்பார். விசிறியைத் தொடமாட்டார். கையால் கொழுந்தைத் தள்ளி ஓட்டையை மூடுவார்.

இப்போது கணினிப் பக்கம் வருவோம். ரேக்குகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு நிறுத்தி, ஒரு சந்தில் குளிர்ந்த காற்றும் அடுத்த சந்தில் சூடான காற்றுமாகப் பிரிக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் என்று ராபர்ட் சல்லிவனைச் சொல்வார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தவர். பின்னாளில் அப்டைம் நிறுவனத்துக்காக அவரும் கூட்டாளிகளும் 19 கணினிக் கூடங்களை அளந்து பார்த்தார்கள். தேவைக்கு 2.6 மடங்கு குளிரூட்டும் திறன் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பத்தில் ஒரு ரேக் அளவுக்குமேல் சூடாக இருந்தது. குளிர்ந்த காற்றில் சுமார் 60 விழுக்காடு எந்த சர்வரையும் தொடாமல் கேபிள் துளைகளிலும் இடுக்குகளிலும் தப்பித்து, வந்த வழியே ஏசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

2.6 மடங்கு குளிர் இருந்தும் சூடு அடங்காத கூடத்தில் மூன்று மடங்காக்கினால் என்ன ஆகும்? அதைத்தான் நம் ஆட்கள் பண்ணுகிறார்கள். விளைவு விசித்திரமானது. வேலை செய்யாமல் திரும்பிய குளிர்ந்த காற்று ஏசியின் மூக்கில் பட்டதும், "அறை குளிர்ந்துவிட்டது" என்று ஏசி நம்பிவிடுகிறது. பாதித் திறனில் படுத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் ரேக்கின் உச்சியில் இருக்கும் சர்வர், தன் முதுகிலிருந்து வந்த சூடான காற்றையே தலைக்குமேலாகச் சுற்றி வரவழைத்து மறுபடி உள்ளே இழுக்கிறது. வெப்பமானி சுவரில் 18 காட்டும், சர்வரின் மூச்சு 33-இல் இருக்கும். இன்னும் வேடிக்கை, ஒரே கூடத்தில் ஓர் ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டிருக்கும், நான்கு மீட்டர் தள்ளி இன்னொன்று ஈரத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் கட்டணம் ஒரே பில்லில் வரும்.

விசிறிக் கணக்கும் இந்த மூடத்தனத்துக்கு எதிராகவே இருக்கிறது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது குடிக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனென்றால் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறி இறங்குவது. காலி ரேக் இடங்களுக்கு மறைப்புத் தகடு போட்டு, கேபிள் துளைகளைத் தூரிகை வைத்து அடைத்து, சூடான சந்துக்குக் கதவும் கூரையும் போட்டால் தப்பிக்கும் காற்று குறையும். தப்பிக்கும் காற்று குறைந்தால் விசிறியை மெதுவாக ஓட்டலாம். இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கொழுந்தைத் தள்ளி ஓட்டையை மூடத் தெரிந்தால் போதும்.

தம்பியை விட்டுவிட்டு அண்ணனிடம் வருகிறேன். "ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்" என்கிறவர்கள் கேமரன் மலைக் காற்றைத் தோலால் மட்டும் அளந்திருக்கிறார்கள். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 18 டிகிரி. இதுவரைக்கும் கேட்டால் சொர்க்கம். ஆனால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 84 விழுக்காடுதான். ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்த்தால் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது. சர்வரின் சூட்டைச் சுமந்துபோவது காற்றின் எடைதான், கனஅளவு அல்ல. ஒரு கிலோவாட் சூட்டை, காற்று பத்து டிகிரி ஏறும் கணக்கில் வெளியேற்றக் கடலோரத்தில் மணிக்குச் சுமார் 300 கனமீட்டர் காற்று போதும். மலையில் அதே வேலைக்கு 355 வேண்டும். விசிறி கூடுதலாகச் சுற்ற வேண்டும். சர்வர்களுக்கு வெப்ப வரம்பு வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, வழக்கமான தரவு மைய சர்வர்களுக்கு 900 மீட்டருக்குமேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் உச்ச வரம்பில் ஒரு டிகிரியைக் கழிக்கச் சொல்வது இதனால்தான். தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி கழியும். கொடுத்த குளிரில் ஒரு பகுதியை மலையே வாங்கிக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஈரம். பிரிஞ்சாங் உச்சிக்குப் போகும் வழியில் மரமெல்லாம் பாசி போர்த்தி நிற்கும் காட்டைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டுகிறார்கள். அந்தப் பாசி எதைக் குடித்து வளர்கிறது என்று யாராவது யோசித்தார்களா? இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. 18 டிகிரியில் 90 விழுக்காடு என்றால் அந்தக் காற்றில் பனி படியும் வெப்பநிலை சுமார் 16 டிகிரி. ஆஷ்ரே பரிந்துரைக்கும் உச்சம் 15. ஆக, நம் மலையின் பரிசுத்தமான காற்று அப்படியே உள்ளே நுழையும் தகுதித் தேர்விலேயே தோற்கிறது.

ஈரக்காற்றை நம்பிக் கெட்ட கதை வெளியிலும் உண்டு. 2011-இல் ஃபேஸ்புக் தன் முதல் சொந்தத் தரவு மையத்தை ஒரேகன் மாநிலத்தின் பிரைன்வில்லில் திறந்தது. வெளிக்காற்றை உள்ளே விட்டு, தேவைப்பட்டால் தண்ணீர் தெளித்துக் குளிர வைக்கும் ஏற்பாடு. அந்தக் கோடையில் கட்டுப்பாட்டு அமைப்பு குழம்பி, அதே காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டுத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தது. 27 டிகிரியில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்தோடு காற்று கூடத்துக்குள் வந்தது. சர்வர்கள்மேல் மழை பெய்தது. உவமை இல்லை, நிஜமாகவே பெய்தது. மின்வழங்கிகள் சில பொசுங்கின. மேகக் கணிமைக்காரர்களின் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்துவிட்டது என்று பிறகு சிரித்தார்கள். பாலைக்குப் பக்கத்து வறண்ட ஊரிலேயே இப்படி என்றால், பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி வாசலேறும் எங்கள் ஊரில்?

தேயிலைத் தொழிற்சாலை இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. சுவரில் இரண்டு வெப்பமானி தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டால் காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் கொழுந்து வாடாது. அப்போது அப்பா என்ன பண்ணுவார் தெரியுமா? அடுப்புப் பக்கமிருந்து சூடான காற்றைக் கொஞ்சம் கலப்பார். காற்று சூடேறும், ஈரப்பதம் இறங்கும், வாட்டல் நடக்கும். மலைக்குளிரில் நின்றுகொண்டு காற்றைச் சூடாக்கும் தொழில் இது. சர்வர் கூடத்திலும் வழி அதுவேதான். வெளியிலிருந்து வரும் 18 டிகிரிக் காற்றோடு சர்வர் முதுகின் சூடான காற்றைக் கலந்து 25-க்கு உயர்த்தினால், ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே வரும். குளிருக்காகவே மலையேறி வந்தவர் கடைசியில் அந்தக் குளிரைச் சூடாக்கித்தான் பயன்படுத்த முடியும்! அப்போதும் பனி படியும் வெப்பநிலை 16-தான், அது கலப்பதால் இறங்காது. அதே தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், உருட்டிய கொழுந்து சிவப்பதற்காக வேண்டுமென்றே ஈரத்தை ஏற்றி வைக்கும் அறை ஒன்று உண்டு. தேயிலை சிவக்க ஈரம் நல்லது. செம்பும் வெள்ளியும் கறுக்கவும் அதுவே நல்லது.

எதிர்த்தரப்பின் பலமான சீட்டை நான் மறைக்கப் போவதில்லை. ஃபேஸ்புக் 2013-இல் சுவீடனின் லூலியோவுக்குப் போனது, வட துருவ வட்டத்துக்குப் பக்கம். கூகுள் ஃபின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கிக் கடல் தண்ணீரால் குளிர வைக்கிறது. குளிர் உதவவில்லையா? உதவுகிறது. கேமரன் மலையிலும் உதவக்கூடும், ஜன்னல் வழியாக அல்ல, தண்ணீர் வழியாக. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இங்கே 17 முதல் 20 டிகிரி வரை காட்டும். குளிரூட்டும் கோபுரம் ஒன்று வைத்தால் 21, 24 டிகிரியில் தண்ணீர் கிடைக்கும், அமுக்கி ஓட்டாமலேயே. வெளிக்காற்றை உள்ளே விடாமல் அந்தத் தண்ணீரால் கூடத்தின் காற்றை 25, 27 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும்.

ஆனால் கவனியுங்கள்: 27 டிகிரியில். தன் கூடத்தை 18-இல் வைத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவருக்கு 24 டிகிரித் தண்ணீரால் என்ன பயன்? மலையின் குளிரை அனுபவிக்க வேண்டுமானால் முதலில் 27 டிகிரிக் காற்றை சர்வருக்கு அஞ்சாமல் கொடுக்கத் தெரிய வேண்டும். காற்று வழிகளை அடைத்துச் சீராக்கியவருக்குத்தான் அது முடியும். அவ்வளவும் செய்துவிட்டவருக்கு மிச்சமாகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு ஜொகூரில் இருந்துகொண்டே கிடைத்துவிடும். செய்யாதவருக்கு லூலியோவிலும் ரேக் உச்சி சூடாகத்தான் இருக்கும்.

27 டிகிரி என்றால் சர்வர் வெந்துவிடும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு: ஆஷ்ரே 2004-இல் 20 முதல் 25 என்று பரிந்துரைத்தது, 2008-இல் 18 முதல் 27 என்று அகட்டியது. அதே 2008-இல் இன்டெல், நியூ மெக்சிகோவில் சுமார் 900 சர்வர்களில் பாதியை வெளிக்காற்றில், 32 டிகிரி வரைக்கும், தூசியோடும் ஈர ஏற்ற இறக்கத்தோடும் பத்து மாதம் ஓட்டிப் பார்த்த முடிவை வெளியிட்டது. பழுது 4.46 விழுக்காடு. வழக்கமான முறையில் இயங்கிய முதன்மை மையத்தில் அதே காலத்தில் 3.83. வெந்து சாம்பலாகவில்லை. நம் அண்டை வீட்டுக்காரரான சிங்கப்பூர், தன் மின்சாரத்தில் 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் குடிப்பதைப் பார்த்து 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்குத் தடை போட்டது. ஜொகூரின் கூலாயிலும் செடனாக்கிலும் இன்று எழுந்து நிற்பவற்றுக்கு அந்தத் தடை ஒரு பெரிய காரணம். அதே சிங்கப்பூர் 2023 ஜூனில் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. 22 டிகிரியிலும் அதற்குக் கீழும் ஓட்டிப் பழகியவர்களைப் படிப்படியாக 26-க்கும் அதற்கு மேலும் ஏறச் சொல்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மலையைத் தேடி ஓடவில்லை, திருகைத் திருப்பினார்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கான புதிய ரேக்குகளோ இந்த விவாதத்தையே தலைகீழாக்குகின்றன. என்விடியாவின் 72 சில்லுகள் கொண்ட ரேக் ஒன்று ஏறத்தாழ 120 கிலோவாட் உமிழ்கிறது. அதைக் காற்றால் ஆற்ற முடியாது, சில்லின் தலையிலேயே தண்ணீர் ஓட வேண்டும். அந்தத் தண்ணீர் 40, 45 டிகிரியில் இருந்தாலும் போதும் என்கிற இடத்துக்குத் தொழில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 45 டிகிரித் தண்ணீரை ஆற்ற ஜொகூரின் 32 டிகிரி வெயிலே குளிர்தான். 18 டிகிரி மலையை அப்புறம் எதற்கு வாங்குகிறோம்?

தரவு மையம் வந்தால் மலைக்கு நேரும் கேட்டை விரிவாகப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை, இரண்டே சொல். மலைத் தண்ணீரைக் குகைவழியாகத் திருப்பி எடுக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். கூலாயில் ஒய்டிஎல் அமைக்கும் வளாகம் ஒன்றுக்கே 500 மெகாவாட் திட்டம். மரத்தை வெட்டிய சரிவுகளிலிருந்து வழியும் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பிவைத்த நிலையில், 2013 அக்டோபர் மழையில் அணையைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின. இந்தச் சரிவில் இன்னொரு ஆயிரம் டன் கான்கிரீட்டை வைக்க ஆசைப்படுகிறவர் தாப்பா சாலையில் மழைக்காலத்தில் ஒருமுறை ஏறி வரட்டும்.

இதனால் ஜொகூர் மையங்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவை குடிக்கும் தண்ணீரைப் பற்றி அந்த மாநிலத்து மக்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு "மலைக்குப் போ" என்பது பதிலாகாது. கொழுந்து வாடவில்லை என்றால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்களா?

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறையைப் பார்க்கச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். 16 டிகிரி. கதவருகே ஆணியில் மூன்று ஜாக்கெட்டுகள், உள்ளே போகிறவர் போட்டுக்கொள்ள. அப்படியும் இரண்டு ரேக்குகள் அடிக்கடி சூட்டில் படுத்துவிடுவதாகப் புகார். இன்னொரு ஏசிக்கு விலைப்புள்ளி வாங்கி மேசைமேல் வைத்திருந்தார்கள். அப்பா அப்போது என் வீட்டில் இருந்தார். வேலை ஓய்வு பெற்றவர், வெறுமனே உட்கார முடியாமல் கூட வந்திருந்தார். வெப்பமானிகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, நீளமாகக் கிழித்து, துளையிட்ட ஓடுகளின்மேல் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுவிலிருந்த ஓடுகளில் காகிதம் எழுந்து ஆடியது. ஏசிக்கு ஒட்டியிருந்த ஓட்டில் கீழ்நோக்கி இழுபட்டது. தரைக்கடியில் காற்று அங்கே அத்தனை வேகமாக ஓடியதால் மேலேறவில்லை, கூடத்துக் காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுக்கு நேர் எதிரில்தான் சூடாகும் இரண்டு ரேக்குகளும் நின்றன.

"விசிறிப் பக்கத்துக் கொழுந்து" என்றார் அப்பா, என்னைப் பார்த்து மட்டும்.

அந்தத் தரையோட்டை நகர்த்தினோம். கேபிள் துளைகளை அடைத்தோம். காலி இடங்களுக்குத் தகடு வரும்வரை பெட்டி அட்டையை வெட்டிச் செருகி வைத்தோம். புகார் நின்றது, விலைப்புள்ளி அலமாரிக்குப் போனது. இனி 24-க்கு உயர்த்தலாம் என்று எழுதியும் கொடுத்தேன். சென்ற மாதம் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். திருகு இன்னும் 16-இலேயே இருக்கிறது. கதவருகே ஜாக்கெட்டுகள் நான்காகியிருந்தன.